உஷார்! மேடையில் மாறியவர் வீட்டிலும் மாறினாரா?

உங்கள் வீட்டில் யாராவது புதிதாக இரட்சிக்கப்பட்டிருக்கிறார்களா? கையில் இருக்கும் வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

குடி நின்றுவிட்டது, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறார். சந்தோஷம்தான், கர்த்தருக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் அசந்துவிடாதீர்கள்.

ஆபத்து இனிமேல்தான் வரும்!

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு லாரி டிரைவர், சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. புந்தோங்கில் அடுக்குமாடி வீடு, லாரி ஓட்டும் வேலை. சம்பளம் வந்தால் சம்சுச் சாராயம். மனைவியின் வளையல்கள் அடகுக்கடையில்.

ஓர் எழுப்புதல் கூட்டத்தில் முன்னால் போய் முழங்கால் போட்டார். தேம்பித் தேம்பி அழுதார். அன்றோடு குடி நின்றது. நடிப்பில்லை, உண்மையாகவே நின்றது.

மூன்றே வாரத்தில் அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். சாட்சி சொன்னார், சபை கைதட்டியது. அடுத்து தைப்பிங், அதற்கடுத்து தெலுக் இந்தான். ஊருக்கு ஊர் மேடை.

வீட்டில் என்ன நடந்தது?

சம்சு போனது. கோபம் போகவில்லை. உபவாச ஜெபத்துக்கு வரமாட்டேன் என்ற மகளைப் பெல்ட்டால் அடித்தார். ஐந்தாம் படிவம் படிக்கிற பிள்ளை. முன்பு போதையில் அடித்தவர், இப்போது வசனம் சொல்லி அடித்தார். மனைவி யாரிடம் போய்ச் சொல்வாள்? “அவரா? எப்பேர்ப்பட்ட சாட்சி!” என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்?

அதன்பிறகு இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தினார். “விசுவாசிக்கு மாத்திரை எதற்கு?” என்றார். காலில் ஒரு சின்னப் புண் வந்தது. இனிப்புநீர் முற்றினால் காலில் உணர்ச்சி குறையலாம், புண் வலிக்காமலே இருக்கலாம், சீக்கிரம் ஆறவும் ஆறாது. அவர் சாக்ஸ் போட்டு மறைத்தார். சாட்சி சொன்னவருக்கே நோய் என்றால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற பயம். இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் சபைக்கே விஷயம் தெரிந்தது. லாரி வேலை போனது. பாட்டில் திரும்பி வந்தது.

இத்தனை நாளில் ஒருவர்கூட அவர் வீட்டுப் படியேறி விசாரிக்கவில்லை!

பழைய தோட்டத்து லயத்து வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு நாள் இதை மூடிவைத்திருக்க முடியாது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்தே இரவு நடந்ததைச் சொல்லிவிடுவார்கள். அங்கேயும் கள்ளுக்கடை இருந்தது, அடி உதையும் இருந்தது. ஆனால் “ஏன்டா இப்படி?” என்று கேட்க ஒரு பெரியவர் இருந்தார். தோட்டம் போனது, அந்தக் கேள்வியும் போனது. இன்று கிரில் கதவைப் பூட்டிவிட்டால் உள்ளே நடப்பது எதிர்வீட்டுக்குக்கூடத் தெரியாது.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கே, கூட்டத்தில் ஒன்று வீட்டில் வேறு என்ற இந்த அதிர்ச்சி வந்தது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூட்ட மண்டபத்தின் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று முடிவு செய்தார்கள். வசூலிக்க வீடு வீடாகப் போனவர்களின் கண்ணில் வேறு விஷயங்கள் பட்டன. ஒருவர் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் குடித்திருந்தார். கூட்டத்தில் பக்தியாக உட்காருகிறவர்கள்தான் இருவரும்! அதிலிருந்துதான் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் விசாரிப்பது என்ற ஒழுங்கை வெஸ்லி கொண்டுவந்தார். அந்த மெதடிஸ்ட் மிஷன் ஈப்போவுக்கு வந்து, 1895-ல் பள்ளிக்கூடமும் தொடங்கியது. பள்ளி இன்றும் நிற்கிறது. வீடு தேடிப் போகும் பழக்கம் உங்கள் சபையில் நிற்கிறதா?

இந்த அறிகுறிகள் தெரிந்தால், உடனே உஷார்!

1. சபையில் சாந்தம், வீட்டில் சத்தம். கலாத்தியர் 5-ம் அதிகாரம் ஆவியின் கனியாக ஒன்பது குணங்களைச் சொல்கிறது. அவை இருக்கின்றனவா என்று மனைவி மக்களிடம் கேளுங்கள். அவர்களுக்குத்தான் தெரியும்.

2. பழைய சாட்சியே திரும்பத் திரும்ப. பத்து வருடத்துக்கு முன் குடியை விட்ட கதை மட்டும்தான் வருகிறதா? இந்த வருடம் மாறியது ஒன்றுமில்லையா? வளர்ச்சி நின்றுவிட்டது.

3. “மருந்து வேண்டாம்” என்ற பேச்சு. இது உயிருக்கே ஆபத்து! மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லி நடக்க வேண்டியவை. யார் ஜெபித்தாலும் சரி, கிளினிக் கார்டைக் கிழிக்காதீர்கள்.

4. கடன்காரரைக் கண்டால் ஒளிவது. சகேயு மனம் மாறிய அன்றே, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். வாங்கிய நூறு வெள்ளியைத் தராமல் காணிக்கைத் தட்டில் இருநூறு போடுகிறவரிடம் எச்சரிக்கை.

5. கேள்வி கேட்டால் கோபம். “என்னை நியாயந்தீர்க்காதே” என்று வாயை அடைக்கிறாரா? அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஏதோ ஒளிந்திருக்கிறது.

6. வந்தவுடன் பதவி. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரைக் கண்காணிப்புப் பொறுப்பில் வைக்காதே, பெருமையில் விழுந்துவிடுவான் என்று பவுல் அன்றே தீமோத்தேயுவை எச்சரித்தார். அந்த எச்சரிக்கை மேடைக்கும் பொருந்தும்.

அசுத்த ஆவி போன வீட்டைப் பற்றி இயேசு சொன்னது மத்தேயு 12-ல் இருக்கிறது. வீடு பெருக்கிச் சுத்தமாக இருந்தது, ஆனால் காலியாக இருந்தது. போன ஆவி தன்னைவிடப் பொல்லாத ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்து குடியேறியது. அந்த மனிதனின் கடைசி நிலை முதல் நிலையைவிட மோசமானது. பயமுறுத்துவதற்காக நான் சொல்லவில்லை. சொன்னவர் ஆண்டவர்.

போதகர்களே, புதிய விசுவாசிக்கு மைக்கைக் கொடுப்பதற்கு முன் ஒரு மூத்த அண்ணனைத் துணைக்குக் கொடுங்கள். வீட்டுக்கூட்டமோ, கத்தோலிக்கரானால் அன்பியமோ, பாட்டும் ஜெபமும் டீயுமாக முடியவேண்டாம். “இந்த வாரம் வீட்டில் எப்படி இருந்தீர்கள்?” என்று ஒருவர் ஒருவரைக் கேளுங்கள். விழுந்தேன் என்று ஒருவர் சொன்னால் ஊரெல்லாம் பரப்பாதீர்கள். தூக்கிவிடுங்கள்.

தங்கச்சி, வீட்டில் அடி விழுந்தால் “ஊழியக்காரர் பெயர் கெட்டுவிடும்” என்று பொறுத்துக்கொண்டு இருக்காதே. தாலியான் காசிஹ் உதவி எண் 15999-க்குக் கூப்பிடு. பிள்ளையைக் காப்பாற்றுவது பாவமில்லை.

மனந்திரும்ப ஒரு ராத்திரி போதும். வளர ஆயுள் முழுக்க வேண்டும், கூடவே விசாரிக்க ஆளும் வேண்டும். போன வருடம் உங்கள் சபையில் சாட்சி சொன்னவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள். அவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள், அவர் மனைவியிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்!