ஒரு வாய் காப்பியும் ஒரு புன்னகையும்

காலையில் எழுகிறோம், காப்பியைக் கையில் எடுக்கிறோம், பருகுகிறோம். இதில் வியப்பதற்கு என்ன உண்டு? ஆனால் அமெரிக்க நாட்டுப் பெண்மணி ஒருவர், அந்த ஒரு வாய் காப்பியைத் தாமாக எடுத்துப் பருகுவதற்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மூளைத்தண்டைத் தாக்கிய பக்கவாதத்தால் அவருடைய கைகால்கள் செயலிழந்தன, பேச்சும் நின்றது. அறிவு மட்டும் தெளிவாகவே இருந்தது. 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 12-ஆம் நாள், அவர் முன்னிருந்த மேசைமேல் காப்பிப் புட்டி ஒன்று வைக்கப்பட்டது. அருகே ஓர் இயந்திரக் கை நின்றது. தம் கையையே நீட்டுவதாக அவர் மனத்தில் எண்ணினார். இயந்திரக் கை நீண்டது; புட்டியைப் பற்றியது; வாயருகே கொணர்ந்தது. உறிஞ்சு குழல் வழியாக அவர் பருகினார். அவர் முகத்தில் புன்னகை மலர்ந்தது. ஆறு முறை முயன்றதில் நான்கு முறை வெற்றி கிட்டியது.

இஃது எவ்வாறு இயன்றது? நாம் கையை அசைக்க விரும்பும்போது, மூளையின் இயக்கப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளை எழுப்புகின்றன. அக்கட்டளை மூளைத்தண்டு, தண்டுவடம் வழியாகத் தசைகளைச் சென்றடைகிறது. இடையில் வழி அறுபட்டால் கட்டளை பிறந்தும் பயனில்லை. பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் டோனகு, மருத்துவர் லீ ஹாக்பெர்க் ஆகியோரும் உடனுழைத்தோரும் இதற்கு மாற்றுவழி கண்டனர். 96 மின்முனைகள் கொண்ட, 4 மில்லிமீட்டர் சதுரத் தகடு ஒன்று அப்பெண்மணியின் மூளையில் அறுவை சிகிச்சையால் பதிக்கப்பட்டிருந்தது. அது துடிப்புகளைச் சேகரித்துத் தர, கணிப்பொறி அவற்றின் பொருளை உணர்ந்து இயந்திரக் கையை இயக்கியது. 2012 மே மாதம் 'நேச்சர்' அறிவியல் இதழ் இதனை உலகிற்கு அறிவித்தது. 2016-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றுமோர் அடி முன்னேறினர்: இயந்திர விரலைத் தொட்டால், தண்டுவடம் சிதைந்த இளைஞர் ஒருவர் அத்தொடுகையைத் தம் விரலிலேயே உணர்ந்தார்.

இவையெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவை எளிதன்று, செலவும் மிகுதி. நம் ஊர் ஏழை நோயாளிக்கு இக்கை நாளையே வந்துவிடும் என்று நாம் ஆசை காட்டுவது முறையாகாது.

எனினும் இதில் நம் நெஞ்சைத் தொடும் உண்மை ஒன்றுண்டு. அத்தனை ஆண்டுகள் அசையாத கைக்கு, அந்த மூளை கட்டளையிடும் ஆற்றலை இழக்கவேயில்லை. உடல் கிடந்தது, விருப்பம் கிடக்கவில்லை.

நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்லும் இல்லங்களில் நாம் காண்பதென்ன? படுக்கையில் தந்தை கண்விழித்துக் கிடப்பார். வந்தவர்களோ மகனிடம், "சாப்பிட்டாரா? தூங்கினாரா?" என்று வினவுவர். நாமும் இப்பிழையைப் பலமுறை செய்திருக்கிறோம். அவருக்குக் காது கேட்கும் என்பதை எப்படி மறந்தோம்?

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரை நம் ஆண்டவர் சந்தித்தார். அங்கு நின்றோரிடம் அவரைப்பற்றி விசாரிக்கவில்லை. நலம்பெற விரும்புகிறாரா என்று அவரிடமே கேட்டார். முதலில் அம்மனிதரின் விருப்பத்தை மதித்தார். பின்னரே எழுந்து நடக்கப் பணித்தார்.

அன்பு வாசகர்களே! உங்கள் இல்லத்தில் முடங்கிக் கிடப்பவர் உண்டா? இன்று அவரருகே அமருங்கள். என்ன வேண்டுமென்று அவரிடமே கேளுங்கள். பேச இயலாதவராயின், கண்ணசைவால் விடை தரும்வரை பொறுத்திருங்கள். ஒரு கை சற்றே இயங்குமாயின், டம்ளரை அக்கையில் கொடுத்து, உங்கள் கையால் தாங்குங்கள். சிறிது சிந்தினாலும் குற்றமில்லை, துடைத்துக் கொள்ளலாம். அந்தப் புன்னகையை நம் வீட்டிலும் காண்பதற்கு இயந்திரக் கை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை.