பச்சை விளக்கும் ஒரு கையெழுத்தும்

நைலான் புடவையைக் களையும்போது பட்பட்டென்று சத்தம் வருமே, இருட்டில் பொறிகூடத் தெரியுமே, அது நமக்கு வேடிக்கை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போகும் என் பெண்ணுக்கோ அதுதான் எதிரி.

"அந்தப் 'பட்' நம்ம கைக்குத் தெரியணும்னாலே சுமார் 3000 வோல்ட் வேணும்மா. எங்க சில்லுங்கள்ல சிலது 100 வோல்ட்டுக்கே போயிடும். போனது நமக்குத் தெரியவே தெரியாது" என்றாள்.

3000 வோல்ட்டா! எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்காத துளி மின்சாரம், ஆளை ஒன்றும் செய்யாது என்று அவள் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

இதற்காக மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்கிறார்கள். அதிலிருந்து சுருள் ஒயர் எர்த்துக்குப் போகிறது. உடம்பில் சேரும் மின்சாரம் அதன் வழியே இறங்கிவிடும். தவறிப்போய்க் கரண்டில் கை பட்டாலும் ஆபத்து வராமலிருக்க, அந்த ஒயரில் 10 லட்சம் ஓம் தடை வைத்திருக்கிறார்கள். பெற்றவளுக்கு அது போதும்!

பட்டை தோலில் நன்றாகப் படவேண்டும். சட்டைக் கைமேல் கட்டினாலோ, தளர்ந்திருந்தாலோ பயனில்லை. சருமம் வறண்டிருந்தாலும் சில சமயம் சிவப்பு விளக்கு எரியுமாம். அதனால் வேலையில் உட்காருமுன் தினமும் டெஸ்டரில் விரலை அழுத்தி, பச்சை எரிந்தபின் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். காலணிக்கும் இதே சோதனை உண்டு.

சென்ற மார்கழியில் மூன்று நாள் பஸ் தாமதம். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் டெஸ்டர் பக்கமே போகாமல் 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். வியாழனன்று சோதித்தால் சிவப்பு! ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது, வெளியே பார்த்தால் புத்தம் புதுசு.

சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டிவிட்டு, "நேத்து வரைக்கும் சரியா இருந்திருக்கு" என்று வேறு ஒயர் கொடுத்துவிட்டார். கடைசியாக நிஜமாகச் சோதித்தது சனிக்கிழமை என்பது இவளுக்கு மட்டும்தானே தெரியும்!

அன்றிரவு தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். "அடிபட்ட சில்லு இன்னிக்கு டெஸ்ட்ல பாஸாகும்மா. நாலு மாசம் கழிச்சு யார் வீட்டுலயோ திடீர்னு நின்னுடும்."

திட்ட வாயெடுத்தேன். பால் கணக்கை மாதக் கடைசியில் மொத்தமாகக் காலண்டரில் குறிப்பவள் நான், எந்த முகத்தோடு திட்டுவது? "காலையில போய்ச் சொல்லிடு" என்று மட்டும் சொன்னேன். "வேலை போயிட்டா?" என்றாள். எனக்கும் அந்தப் பயம்தான். அவள் சம்பளத்தில்தான் தம்பியின் காலேஜ் பீஸ் கட்டுகிறோம்.

சொன்னாள். அந்த மூன்று நாள் போர்டுகளையும் தனியே எடுத்து வைத்தார்கள். இவளுக்கு ஒரு மெமோ கிடைத்தது, வேலை போகவில்லை. இப்போது முந்தின பஸ்ஸிலேயே கிளம்பிவிடுகிறாள். எனக்குத்தான் இட்லிப் பானையை அரை மணி முன்னால் ஏற்ற வேண்டியிருக்கிறது.