நிசான் மேக்னைட், ரெனோ கைகர்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நிசான் மேக்னைட், ரெனோ கைகர் ஆகியவை இந்தியச் சந்தையில் குறைந்த விலையில் கிடைக்கும் சிறிய எஸ்யூவி வகைக் கார்கள். மேக்னைட் 2020 டிசம்பரிலும், கைகர் 2021 பிப்ரவரியிலும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் தயாராகின்றன. பெயரும் தோற்றமும் வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றே. எனவே இவற்றை ஒப்பிடுபவர், எவை பொதுவானவை, எவை உண்மையில் வேறுபடுகின்றன என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

நான்கு மீட்டர் வரம்பு

இரண்டு கார்களின் நீளமும் 4 மீட்டருக்குச் சற்றே குறைவு. இதற்குக் காரணம் வரி விதி. நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும், பெட்ரோல் என்ஜின் 1200 சிசிக்கு மிகாமலும் இருந்தால் அது சிறிய கார் எனக் கருதப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. பெரிய கார்களுக்கு 40 விழுக்காடு. இந்தக் கார்களின் விலை எட்டும் அளவில் இருப்பதற்கு இவ்வரம்பு முக்கியக் காரணம்.

பொதுவான கூறுகள்

இரண்டும் சிஎம்எஃப்-ஏ பிளஸ் என்னும் ஒரே அடித்தளத்தில் அமைந்தவை. முன், பின் சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான தூரம் இரண்டிலும் 2500 மி.மீ. தரை இடைவெளியும் 205 மி.மீ. என ஒன்றே. வேகத்தடைகளும் பள்ளங்களும் மிகுந்த சாலைகளுக்கு இது போதுமானது.

என்ஜினும் இரண்டுக்கும் பொதுவே. 999 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அது இரு வகைகளில் வருகிறது. சாதாரண வகை 72 குதிரைத் திறனும் 96 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். டர்போ வகையில், வெளியேறும் புகையின் வேகம் ஒரு சிறு சுழலியைச் சுற்றுகிறது. அது கூடுதல் காற்றை என்ஜினுக்குள் தள்ளுகிறது. இதனால் அதே 999 சிசியில் 100 குதிரைத் திறனும், மேனுவல் கியரில் 160 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைக்கின்றன.

ஆகவே மேக்னைட்டா கைகரா என்பதைவிட, சாதாரண என்ஜினா டர்போவா என்பதே ஓட்டும் அனுபவத்தைப் பெரிதும் மாற்றும். ஊருக்குள் ஓரிருவர் சென்றுவர சாதாரண என்ஜின் போதும். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற மலைப்பாதைகளில் ஏறும்போது அது திணறும். அடிக்கடி அப்படிப் பயணம் செய்வோருக்கு டர்போவே ஏற்றது.

கிளட்ச் மிதிக்க விரும்பாதவர்களுக்கும் இரு வழிகள் உள்ளன. சாதாரண என்ஜினுடன் வரும் ஏஎம்டி, வழக்கமான கியர்பெட்டியை மோட்டார் மூலம் இயக்குகிறது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது சிறு குலுக்கல் தெரியும். டர்போவுடன் வரும் சிவிடியில் தனித்தனிக் கியர்கள் இல்லாததால் ஓட்டம் சீராக இருக்கும்.

வேறுபாடுகள்

கண்ணுக்குத் தெரியும் பெரிய வேறுபாடு டிக்கி. மேக்னைட்டில் 336 லிட்டர். கைகரில் 405 லிட்டர். குடும்பத்துடன் ஊர் செல்வோருக்கு 69 லிட்டர் என்பது ஒரு பெட்டிக்கான இடம். மேக்னைட்டின் உயர் வகைகளில் காரைச் சுற்றிலும் காட்டும் கேமரா உண்டு; நெருக்கமான தெருக்களில் நிறுத்துவோருக்கு உதவும்.

பாதுகாப்பு

அடித்தளம் ஒன்றாக இருப்பதால் பாதுகாப்பு மதிப்பீடும் ஒன்றே எனக் கொள்வது தவறு. நட்சத்திர மதிப்பீடு, சோதிக்கப்பட்ட மாதிரிக்கும் அச்சோதனையின் விதிமுறைக்கும் மட்டுமே உரியது. 2022இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் இரண்டும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரம் பெற்றன. குழந்தைகளுக்கான பாதுகாப்பில் கிடைத்தது 2 நட்சத்திரமே. அந்த விதிமுறை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடக்கும் முன்புற மோதலையே முதன்மையாகக் கணக்கிட்டது. அதே ஆண்டு விதிமுறை கடுமையாக்கப்பட்டது. 2025இல் புதிய விதியின்படி சோதிக்கப்பட்ட மேக்னைட், பெரியவர்களுக்கு 5 நட்சத்திரமும் குழந்தைகளுக்கு 3 நட்சத்திரமும் பெற்றது. இம்மதிப்பீட்டைக் கைகருக்கோ பழைய மேக்னைட்டுக்கோ பொருத்திப் பார்க்கக் கூடாது.

2024 அக்டோபரில் வந்த புதிய மேக்னைட்டிலும், 2025 ஆகஸ்டில் வந்த புதிய கைகரிலும் எல்லா வகைகளிலும் 6 ஏர்பேக்குகள் உள்ளன. தொடக்க காலத்தின் குறைந்த விலை வகைகளில் இரண்டே இருந்தன. பழைய கார் வாங்குவோர் தயாரிப்பு ஆண்டையும் ஏர்பேக் எண்ணிக்கையையும் கட்டாயம் பார்க்க வேண்டும். எத்தனை ஏர்பேக் இருந்தாலும், பின் இருக்கையில் இருப்பவரும் பெல்ட் அணிந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

முடிவு செய்யும் முறை

1. ஷோரூம் விலையை மட்டும் பார்க்காமல் சாலை வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம் சேர்ந்த மொத்த விலையை ஒப்பிட வேண்டும்.

2. ஒரே என்ஜினும் ஒரே கியர் வகையும் கொண்ட கார்களையே ஒப்பிட வேண்டும். ஒன்றின் டர்போவை மற்றொன்றின் சாதாரண வகையோடு ஒப்பிட்டால் முடிவு பிழையாகும்.

3. வீட்டிலுள்ள முதியவரைப் பின் இருக்கையில் ஏறி இறங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

4. அருகிலுள்ள சர்வீஸ் நிலையம் எந்த நிறுவனத்துடையது, எவ்வளவு தூரம் என்று அறிய வேண்டும். சிறிய ஊர்களில் வசிப்போருக்கு இதுவே முடிவைத் தீர்மானிக்கக்கூடும்.

டிக்கி இடம் முதன்மை என்றால் கைகர் முந்துகிறது. புதிய விதிமுறையில் பெற்ற நட்சத்திர மதிப்பீடு முதன்மை என்றால் மேக்னைட் முந்துகிறது. இரண்டும் சமமாகத் தோன்றினால், சர்வீஸ் நிலையம் அருகில் உள்ள காரை வாங்குவது நல்லது.