மொட்டை மாடி வெயிலும் மின் கட்டணமும்

திருச்சி வீடுகளுக்குள் வெப்பம் இறங்கும் முதல் வழி மேல் தளம். நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10.8 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 18-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆகஸ்டு 24 வாக்கில் மறுபடியும் வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதங்களிலும் அது உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. விலகினாலும் வடக்கே சாய்கிறதே தவிர தெற்கே வருவதில்லை. மே 4 முதல் 28 வரையிலான கத்திரி வெயிலில் தெற்குச் சுவர் நண்பகலில் நிழலிலேயே நிற்கிறது. அந்த வெயிலை முழுக்க வாங்கிக்கொள்வது மொட்டை மாடிதான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதன் மேல் தளம் 11 சதுர மீட்டர். தெளிந்த வானத்தில் நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட்டை நெருங்குவதால், அந்த ஓர் அறையின் தலைமேல் மட்டும் சுமார் 10 கிலோவாட் வெப்பம் விழுகிறது. அதே அறையில் மாட்டும் ஒன்றரை டன் ஏசி, முழு வேகத்தில் ஓடினாலும் வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 5 கிலோவாட். விழுவது முழுவதும் உள்ளே வந்துவிடுவதில்லை என்பதால்தான் ஏசியால் தாக்குப்பிடிக்க முடிகிறது. எவ்வளவு உள்ளே வருகிறது என்பதைத் தீர்மானிப்பவை தளத்தின் நிறமும் கனமும் அதன் மேல் போட்டிருக்கும் பூச்சும்.

ஐந்து ஆறு அங்குலக் கான்கிரீட் தளம் வெயிலை உடனே உள்ளே விடாது. மதியம் வாங்கிய சூடு கீழ்ப்பக்கம் வந்து சேர நான்கைந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு, ஏழு மணிக்கு வெளியே காற்று தணிந்த பிறகும் மாடி வீட்டுக்குள் அனல் ஏறிக்கொண்டே போவது இதனால்தான். மின்விசிறி போட்டால் அனல் காற்று இறங்குகிறது என்ற புகாரில் உண்மை உண்டு. விட்டத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றைத்தான் விசிறி கீழே தள்ளுகிறது. ஆட்கள் வீடு திரும்பி ஏசி போடும் நேரமும், தளம் தன் சூட்டை இறக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிடுகின்றன.

பழைய கட்டுமானம் இதை வேறு விதமாகச் சமாளித்தது. ஸ்ரீரங்கத்தின் பழைய தெரு வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று நீளவாக்கில் போகின்றன. இரு பக்கச் சுவர்களும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருப்பதால் அவற்றில் வெயில் படாது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடும். மச்சு வைத்த வீடுகளில் மெட்ராஸ் ஒட்டு இருந்தது. தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். நுண்ணிய காற்றறைகள் நிறைந்த அந்த ஜல்லிச் சுண்ணாம்பு, மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்தே காப்பாக நின்றது.

கான்கிரீட் தளம் வந்த பிறகும் அதன் மேல் சுருக்கி எனப்படும் ஜல்லிச் சுண்ணாம்பைப் போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் நெடுநாள் தொடர்ந்தது. செலவும் கூலியும் ஏற ஏற, பல வீடுகளில் சிமெண்ட் பூச்சும் ஒழுகலைத் தடுக்கும் ரசாயனமுமே போதும் என்றாகிவிட்டது. மழை நீர் உள்ளே வராது, வெயில் வரும். கிராப்பட்டிக்கும், 2025 மே மாதம் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறக்கப்பட்ட பஞ்சப்பூருக்கும் இடையிலுள்ள எடமலைப்பட்டி புதூர் போன்ற புறநகர்ப் பகுதிகளில் வழக்கமாகக் காண்பது இரண்டு மூன்று மாடி கான்கிரீட் வீடுகளைத்தான். அவற்றில் கீழ் வீட்டில் இருப்பவருக்கும் மேல் வீட்டில் இருப்பவருக்கும் கோடை ஒன்றுபோல் இருப்பதில்லை.

குடியிருப்புக் கட்டடங்களுக்காக இந்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, மேற்கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்த வரம்பு. மேலே எதுவும் போடாத கான்கிரீட் தளத்துக்கு இந்த அளவு மூன்றைத் தாண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் தளம் போடும்போதே சுருக்கிக்கோ வெப்பத்தடுப்புப் பலகைக்கோ செலவிடுவதே மலிவு. அதைச் செய்யாமல் விட்டு, பின்னால் ஏசி வாங்கியும் ஆண்டுதோறும் மின் கட்டணம் கட்டியும் ஈடுசெய்ய முயல்வது பிழை.

கட்டி முடித்த வீட்டுக்கு எளிய வழி வெள்ளை. கோடை வெயிலில் வெறும் சிமெண்ட் தளம் 55, 60 டிகிரி வரை கொதிக்கும். வெள்ளை பூசிய தளம், விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைவாக நிற்கும். அறைக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே உறக்கத்தில் வேறுபாடு தெரியும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்க்கவைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசையோ வெள்ளை சிமெண்டோ கலந்து, பாசியும் தூசியும் போகத் தேய்த்துக் கழுவிய தளத்தில் ஈரம் காயுமுன் இரண்டு கை அடிப்பது பரவலாக உள்ள முறை. பங்குனியில் வெயில் தாழ்ந்த மாலைகளில் அடித்தால் கத்திரிக்குத் தயாராகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். ஆகவே இது ஆண்டுக்கொரு வேலை. கடைகளில் கிடைக்கும் கூலிங் பெயிண்ட் சில ஆண்டுகள் தாங்கும், விலை கூடுதல். வெள்ளை டைல்ஸ் பதித்தால் அதற்கும் மேலாக நிலைக்கும். எதுவானாலும் தூசி படிந்தால் பலன் குறையும். மாதத்துக்கு ஒரு முறை பெருக்கிக் கழுவுவதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

வெள்ளையைவிடத் திறமான மருந்து நிழல். தென்னங்கீற்றுப் பந்தலோ, பச்சை வலையோ, தூண் நிறுத்தி மேலே போட்ட தகர ஷீட்டோ தளத்துக்கு வெயில் படாமல் தடுத்துவிடும். ஷீட் சூடாகித் தன் அனலைக் கீழே கொஞ்சம் இறக்கும் என்றாலும், நான்கு பக்கமும் திறந்திருந்தால் இடையில் ஓடும் காற்று அதை அடித்துக்கொண்டு போகும். பக்கங்களை அடைத்து அதையே ஓர் அறையாக்கிவிட்டால் இந்தப் பலன் போய்விடும். சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றுவதற்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 0.67 யூனிட் அளவு வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் வாளி வாளியாக ஊற்றும் நீரில் பெரும்பகுதி குழாய் வழியே ஓடிவிடுகிறது. பழைய சாக்குகளை விரித்து நனைத்து வைத்தால் பத்து லிட்டரே நெடுநேரம் வேலை செய்யும். மே மாதத்தில் தண்ணீர் தட்டுப்பாடு உள்ள தெருவில் வேறு விதமாக ஊற்றுவது நியாயமில்லை.

அடுத்தது மேற்குச் சுவர். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து அடிக்கும்போது சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு பயன்படாது. வெயில் கண்ணாடியைத் தொடுமுன்பே, அதாவது வெளிப்பக்கத்திலேயே, மூங்கில் தட்டியோ வலையோ தொங்கவிட வேண்டும். உள்ளே போடும் கனத்த திரை வெளிச்சத்தைத்தான் தடுக்கும். கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் திரையிலேயே தங்கி அறைக்குள் பரவும். ஒரு வேப்பமரமோ புங்கமரமோ மேற்கே நின்றால் இந்தக் கவலையே இல்லை.

இரவில் வெளிக்காற்று வீட்டைவிடக் குளிர்ந்திருக்கும்போது அதை உள்ளே விடுவதற்குச் செலவே இல்லை. ஆனால் மாலை ஆறு மணிக்குக் கொசுவுக்குப் பயந்து கதவும் சன்னலும் சாத்தப்படுகின்றன. சுவரும் தளமும் சூட்டை விடுகிற அந்த நேரத்தில் வீடு மூடிய சட்டியாகிவிடுகிறது. எதிரெதிர்ச் சன்னல்களுக்குக் கொசுவலை அடித்துவிட்டால் விடியும் வரை திறந்து வைக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் சாதனங்களின் பட்டியலில் கொசுவலைக்கு யாரும் இடம் தருவதில்லை. திருச்சியில் அதற்கு முன்வரிசையில் இடம் தர வேண்டும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும் வாரங்களில், வலையடித்த வீட்டுக்கு ஏசி பெரும்பாலும் தேவைப்படாது.

சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் சுமார் 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி விசிறி அதே காற்றை 30 வாட்டில் தரும். ஒரு விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் மிச்சம் 40 யூனிட். மூன்று விசிறி உள்ள வீட்டில் 120 யூனிட். 2023 ஜனவரி முதல் மின்விசிறிக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயமாகிவிட்டதால் கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. ஏர் கூலர் ஈரம் குறைந்த பிற்பகல்களில் நன்றாகவே உதவும், அதுவும் சன்னலைத் திறந்து வைத்தால். மூடிய அறையில் இரவு முழுக்க ஓட்டினால் புழுக்கம்தான் மிஞ்சும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏசி தேவைப்படும் இரவுகள் உண்டு. குழந்தையோ முதியவரோ நோயாளியோ இருக்கும் வீட்டில் அது ஆடம்பரமும் அல்ல. டன் என்பது ஐஸ் காலத்து அளவு: ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம், சுமார் 3.5 கிலோவாட். தளத்தைச் சரிசெய்த அறைக்கு ஒரு டன்னே போதுமானதாக இருக்கும். தேவைக்கு மீறிய ஏசி அறையைச் சீக்கிரம் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் இருக்காது.

முத்திரையில் நட்சத்திரங்களைவிட, ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்ட எண்ணையே முதலில் பார்க்க வேண்டும். அது 1600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் சராசரியாக மணிக்கு அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் வீதம் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். கொதிக்கும் தளத்துக்கு அடியில் இது கூடும். நட்சத்திர அளவுகோலைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை இறுக்கிவிடுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. 2020 ஜனவரி முதல் புதிய ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிஞ்சும் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். 26-இல் வைத்துக் கூடவே மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டால் உடலுக்கு 24 போலவே இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். மாடியில் வைத்த அவுட்டோர் யூனிட்டுக்கு நிழல் கொடுக்கலாம். காற்றுப் போக்கை மட்டும் அடைக்கக் கூடாது.

தமிழ்நாட்டின் மின் கட்டணத்தில் இந்த யூனிட்டுகள் எந்த இடத்தில் மிஞ்சுகின்றன என்பதற்குத் தனி மதிப்பு உண்டு. 2022 செப்டம்பரில் வந்த அட்டவணைப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்த வீட்டுக்குக் கட்டணம் ரூ.1,725. இன்னும் பத்தே யூனிட் கூடி 510 ஆனால் ரூ.2,030. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கான சலுகை விலை போய்விடுவதும், மேலே உள்ளவற்றுக்கு யூனிட் ரூ.8 ஆவதும் காரணம். கடைசிப் பத்து யூனிட்டின் விலை யூனிட்டுக்கு ரூ.30-க்கு மேல். 2024 ஜூலையில் தொகைகள் சற்று ஏறின. படிகளின் அமைப்பு அப்படியே நின்றது. மூன்று விசிறியை மாற்றி மிச்சமாகும் 120 யூனிட், ஏசி உள்ள வீட்டை இந்தப் படிக்குக் கீழே நிறுத்தப் போதுமானது.

வீட்டைச் சூடாக்கும் தேவை திருச்சியில் இல்லை. தண்ணீர் காய்ச்சுவது மட்டும் உண்டு. 15 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 45-க்கு ஏற்ற 0.3 யூனிட் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது ஒன்பது நிமிட வேலை. மறந்துபோய் மணிக்கணக்கில் விடுவதில்தான் மின்சாரம் வீணாகிறது. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் வீடுகளில் கம்பியில் படியும் சுண்ணத்தை ஆண்டுக்கு ஒரு முறை சுரண்டாவிட்டால் இந்தக் கணக்கு நீளும்.

மாடியில் சூரிய மின்தகடு வைத்தால் மின்சாரமும் வரும், தகடு மறைக்கும் இடத்துக்கு நிழலும் வரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட் கிடைக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் குறுக்கே நிற்பது வாடகை. மொட்டை மாடி வீட்டுக்காரருடையது. மேல் போர்ஷனின் மீட்டர் குடியிருப்பவருடையது. சுண்ணாம்பு அடித்தால் மிச்சம் யாருக்கோ என்று வீட்டுக்காரர் விட்டுவிடுகிறார். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாத வீட்டுக்கு ஏன் செலவு என்று குடியிருப்பவரும் விட்டுவிடுகிறார். ஒப்பந்தம் எழுதும்போதே பங்குனியில் மாடிக்கு வெள்ளையடிக்கும் செலவு யாருடையது என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் கீழ் இருக்கும் குடும்பங்களுக்கு அந்த வழியும் இல்லை, ஏசியும் இல்லை. மெல்லிய ஷீட் நான்கைந்து மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வெயிலை உடனே இறக்கிவிடுகிறது. வெள்ளைப் பூச்சால் மிக அதிகப் பலன் பெறக்கூடிய கூரைகளும் அவையே. அகமதாபாத் மாநகராட்சி 2017-இல் எளியோர் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அதே ஆண்டு மே 2 அன்றுதான் மாநிலத்தின் உச்ச மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டிருந்தது.