திறனும் முறுக்கமும்: மகிழுந்தை டைனமோமீட்டரில் ஏற்றுமுன்

விசை, ஆற்றல், திறன் என்னும் மூன்று சொற்களையும் அன்றாடப் பேச்சில் நாம் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்து வழங்குகிறோம். ‘வண்டிக்குப் பவர் போதவில்லை’ என்பவரிடம், இம்மூன்றில் எது போதவில்லை என்று எவரும் கேட்பதில்லை. கேட்டே ஆகவேண்டிய இடம் ஒன்று உண்டு. மகிழுந்தின் எஞ்சினைச் சீரமைப்பதற்காக அதனை டைனமோமீட்டர் உருளைகளின் மேல் ஏற்றும் பட்டறையே அது. அங்கே சொல் பிழைத்தால் எஞ்சினும் பிழைபடக்கூடும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வேலை செய்யும் வீதத்தைத் ‘திறன்’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் அதனையே ‘வலு’ என்கின்றன. இரண்டும் நல்ல சொற்களே. இடர் வேறோரிடத்தில் இருக்கிறது. அச்சைப் பற்றித் திருப்பும் விளைவுக்குத் தமிழ்நாட்டு வழக்கு ‘திருப்புத்திறன்’. ஆகவே திறன் வேறு, திருப்புத்திறன் வேறு. முன்னது பின்னதன் ஒருவகை என்று மாணவர் மயங்கினால் குற்றம் அவருடையதன்று. ‘முறுக்குவிசை’ என்பதும் வழக்கில் உண்டு. ஆயினும் அது விசையன்று, விசையையும் நெம்புதொலைவையும் பெருக்கி வருவது. இக்கட்டுரையில் ‘முறுக்கம்’ என்றே சுருக்கி எழுதுகிறேன்.

வேறுபாட்டை எண்கள் தெளிவாகக் காட்டும். முறுக்கத்தை நியூட்டன் மீட்டரிலும் சுழற்சியை நிமிடத்திற்கு இத்தனை சுற்று என்றும் எடுத்துப் பெருக்கி, 9549ஆல் வகுத்தால் கிலோவாட்டில் திறன் கிடைக்கும். ஓர் எஞ்சின் 4000 சுற்றில் 200 நியூட்டன் மீட்டர் தருகிறது எனக் கொள்வோம். திறன் ஏறத்தாழ 84 கிலோவாட். அதே எஞ்சின் 6000 சுற்றில் 160 மட்டுமே தருகிறது. திறனோ 100ஐத் தாண்டிவிடுகிறது. முறுக்கம் குறைய, திறன் கூடுகிறது. டைனமோமீட்டர் வரைந்து தரும் தாளில் இரண்டு வளைவுகள் வெவ்வேறு இடங்களில் உச்சம் தொடுவதன் காரணம் இதுவே.

கருவியின் பெயரில் கிரேக்க மொழியின் ஆற்றலைக் குறிக்கும் சொல்லும் அளவைக் குறிக்கும் சொல்லும் இணைந்துள்ளன. ஆனால் அது திறனை நேரே அளப்பதில்லை. எடை தெரிந்த உருளையைச் சக்கரங்கள் எவ்வளவு விரைவாக முடுக்குகின்றன என்பதைக் கண்டோ, உருளையைத் தடுத்துப் பிடிக்கத் தேவைப்படும் விசையைக் கண்டோ, முறுக்கத்தைக் கணிக்கிறது. திறன் அதிலிருந்து பெருக்கிப் பெறப்படுவது. 1821இல் பிரான்சின் பொறியாளர் புரோனி அமைத்த தடுப்புக் கருவி இரண்டாம் வகையின் முன்னோடி.

இனி ஆயத்தம். முதலில் எஞ்சின் நலமாக இருக்கவேண்டும். நோயுற்ற எஞ்சினைச் சீரமைக்க முற்படுவது, காய்ச்சல் கண்டவனை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்துவதற்கு ஒப்பாகும். ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து, ஒன்று மற்றவற்றினின்று பெரிதும் தாழ்ந்திருக்கிறதா என்று காண்க. எண்ணெய், குளிர்நீர், தீப்பொறிச் செருகிகள், காற்று வடிகட்டி, வார்ப்பட்டைகள் ஆகியவற்றைப் பட்டறைக்குச் செல்லும் முன்பே பார்த்துவிடலாம். கணினி பதிந்துவைத்த பழுதுக் குறியீடுகளும் தீர்க்கப்பட்டிருத்தல் வேண்டும்.

காற்றுக்கசிவையும் எரிபொருள் அழுத்தத்தையும் தனித்துச் சொல்லவேண்டும்; காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம் இவற்றைப் பொறுத்தது. பெட்ரோல் முற்றும் எரிய, ஒரு பங்கு எரிபொருளுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. இங்கே ‘பங்கு’ என்பது நிறையில், கொள்ளளவில் அன்று. பாடம் நடத்தும்போது இதனைச் சொல்லாமல் விடுவோர் பலர். முழு வேகமுடுக்கத்தில் எரிபொருள் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 12.5 முதல் 13 வரையிலான விகிதம் வழக்கம். எரிபொருள் பம்பு தளர்ந்திருந்தால் உச்சச் சுழற்சியில் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவையில் வெப்பம் ஏறும். எரியாத கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டும். பட்டறையில் இதனை நாக்கிங் என்பர். முழுச் சுமையில் அது தொடர்ந்தால் பிஸ்டன் உடையும், உருகவும் கூடும். ஆகவே புகைப்போக்கிக் குழாயில் அகலப்பட்டை ஆக்சிஜன் உணர்வியைப் பொருத்தாமல் ஓட்டத்தைத் தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

எரிபொருளும் இதனோடு தொடர்புடையது. மலேசிய நிலையங்களில் 95, 97 என்று எழுதியிருப்பது தட்டலைத் தாங்கும் தன்மைக்கான எண், ஆற்றலின் அளவன்று. 97க்கென முன்தள்ளி அமைத்த தீப்பொறி நேரத்தோடு, பிறகு 95 ஊற்றி ஓட்டினால் தட்டல் வரலாம். அன்றாடம் எதனை ஊற்றுவீர்களோ அதனையே கலத்தில் நிரப்பிச் செல்க.

டயர்களில் சரியான காற்றழுத்தம் இருக்கட்டும். பள்ளங்களில் சிக்கிய கற்களை அகற்றுக, அவை சுழற்சியில் பறந்துவரும். வண்டியை உரிய கொக்கிகளில் வார்கொண்டு இறுகக் கட்டுவது பட்டறையாரின் பொறுப்பு. அதன் முன்னும் பின்னும் நில்லாமை நம் பொறுப்பு. வண்டி நின்ற இடத்திலேயே ஓடுவதால் எதிர்காற்று இல்லை. பெரிய விசிறி வேண்டும். புகையை வெளியேற்றும் குழாயும் வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மாணவர்களைக் காட்சிக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் இக்குழாய் பொருத்தப்பட்டிருப்பதைத் தம் கண்ணால் பார்த்தபின்னரே அவர்களை உள்ளே விடவேண்டும்.

எஞ்சின் இயல்பு வெப்பத்தை அடைந்தபின், எதனையும் மாற்றாமல் ஓர் ஓட்டம் எடுப்பர். பின்னர் வரும் எண்களுக்கெல்லாம் அதுவே உரைகல். ஐந்து பல்லிணை கொண்ட வண்டிகளில் பெரும்பாலும் நான்காவதே இதற்கு ஏற்றது. அதில் எஞ்சின் சுழற்சி கிட்டத்தட்ட அப்படியே கடத்தப்படுகிறது. அதன்பின் ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்யவேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பயன்தந்தது என்று பிரித்தறிய வழியில்லை.

கையில் கிடைக்கும் தாளைப் படிக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இது சக்கரத்தில் அளந்த திறனா, எஞ்சினுக்கெனக் கணித்த திறனா? இடையிலுள்ள பல்லிணைகளும் டயர்களும் ஒரு பகுதியை விழுங்கிவிடுவதால் முன்னது எப்போதும் சிறியது. குதிரைத்திறன் எனில் எந்தக் குதிரை? மெட்ரிக் குதிரைத்திறன் 735.5 வாட், ஆங்கிலேயக் குதிரைத்திறன் 745.7 வாட். ஒரே எஞ்சினை முன்னதில் எழுதினால் எண் சற்றுப் பெரிதாகத் தெரியும். விளம்பரத்துக்கு எது உவப்பானது என்று சொல்லவேண்டியதில்லை. மூன்றாவது, காற்றின் நிலைக்கேற்பத் திருத்தம் செய்யப்பட்டதா? பரவலாக வழங்கும் ஒரு திருத்தமுறை 25 பாகை செல்சியசையும் 99 கிலோபாஸ்கல் உலர்காற்று அழுத்தத்தையும் அடிப்படையாகக் கொள்கிறது. நம் ஊர் நண்பகலில் 32 பாகை என்பது இயல்பு. அதே அழுத்தத்தில் அக்காற்று 2 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக அடர்த்தி குறைந்தது, ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் குறையும். காலையில் ஓரிடத்தில் எடுத்த தாளையும் பிற்பகலில் வேறோர் உருளையில் எடுத்த தாளையும் அருகருகே வைத்து வாதிடுவோர், ஒப்பிட முடியாதவற்றை ஒப்பிடுகின்றனர். முன்னும் பின்னும் எடுத்த இரு ஓட்டங்களும் ஒரே கருவியில், ஒரே திருத்தமுறையில் இருக்கட்டும். தாளின் ஓரத்தில் வெப்பநிலையையும் ஊற்றிய பெட்ரோலின் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்க.