உட்காருதலும் எழுந்திருத்தலும்

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களே,



பதினெட்டு வருடங்களாக நிமிர முடியாமல் கூனியாயிருந்த ஒரு ஸ்திரீயை ஆண்டவர் ஜெப ஆலயத்தில் கண்டு, அருகில் அழைத்து, நிமிரச் செய்ததை லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவளுடைய கூன் அவள் தேடிக்கொண்டதல்ல. நம்மில் அநேகரோ மேஜைக்கு முன்பாக மணிக்கணக்கில் குனிந்திருந்து முதுகுவலியைத் தேடிக்கொள்ளுகிறோம். கோலியனூர், விழுப்புரம், திண்டிவனம் பகுதிச் சபைகளில் ஆசிரியர்களும், அலுவலக எழுத்தர்களும், கணினியில் வேலை செய்யும் வாலிபரும் இருக்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்திருப்பவர் எத்தனை பேர்!

வலியைக் குறித்து நாம் முறையிடுகிறோம். ஆனால் வலி ஒரு காவற்காரன். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளிடையே பணியாற்றி இதை உலகத்துக்கு விளக்கினார். உணர்வுள்ள மனிதன் ஒரே பக்கமாக நெடுநேரம் இருப்பதில்லை. உடம்பு நோகுமுன்னே தன்னை அறியாமல் அசைந்து பாரத்தை மாற்றிக்கொள்ளுகிறான். உணர்வற்றவனுக்கு அந்த எச்சரிப்பு இல்லை. ஆகவே அழுத்தம்பட்ட இடம் புண்ணாகிறது.

அதே மருத்துவமனையில் பணி செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஆனாலும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே முன்னின்றார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உட்கார்ந்தே வாழ்ந்த ஒருவர் எத்தனை பேரை எழுந்து நிற்கச் செய்தார்!

எழுந்து நடக்கும் பெலனுள்ள நாம் செய்யவேண்டியவை சில:

1. பாதங்கள் தரையில் படியவேண்டும். எட்டாவிட்டால் ஒரு மணைப்பலகையை வைத்துக்கொள்ளுங்கள்.

2. நாற்காலியில் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். இடுப்பின் வளைவில் ஒரு துண்டை மடித்து வைத்தால் போதும். விலையுயர்ந்த நாற்காலி அவசியமில்லை.

3. பின்பாக்கெட்டிலுள்ள பணப்பையை எடுத்துவிட்டு உட்காருங்கள்.

4. கணினித் திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இருக்கட்டும். எழுதுவோர் அட்டையின் அடியில் புத்தகம் வைத்துச் சாய்வாக்கிக்கொள்ளலாம். அந்நாளில் கணக்குப்பிள்ளைகள் சாய்வு மேஜைப் பெட்டியில் எழுதியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. எல்லாவற்றிலும் முக்கியமானது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்திருப்பது. தண்ணீர் குடிக்க நாலு அடி நடந்தாலும் நல்லது.

1960-களில் சுவீடன் தேசத்து டாக்டர் நாச்சம்சன் முதுகெலும்பு வட்டுகளின் உள்ளழுத்தத்தை அளந்தார். நிற்கையில் 100 என்றால், சாயாமல் உட்காருகையில் ஏறக்குறைய 140, முன்னோக்கிக் குனிந்து உட்காருகையில் 185 என்று கண்டார். 1999-ல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், சாதாரணமாக உட்காருவதற்கும் நிற்பதற்கும் அவ்வளவு வித்தியாசம் காணப்படவில்லை. ஆனாலும் மிகவும் குனிந்து உட்காருகையில் அழுத்தம் மிகுகிறது என்பதில் இரண்டும் ஒத்திருக்கின்றன. விறைப்பாக நிமிர்ந்து அசையாமல் இருப்பதும் பரிகாரமல்ல. நாள் முழுவதும் உட்காருவதற்கு ஏற்ற ஒரே நிலை என்று எதுவுமில்லை. மாறி மாறி அமர்வதே நலம்.

சாதாரண முதுகுவலிக்கு நாட்கணக்கில் படுத்துக்கொள்ளவேண்டாம். இயன்றமட்டும் நடமாடுவதே குணமாக்கும். கடையில் வலி மாத்திரை வாங்கித் தொடர்ந்து விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. ஆனால் காய்ச்சலும் உடல் மெலிவும் சேர்ந்து வந்தால் அது எலும்புருக்கி நோயாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். கால் பெலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் அடக்கமுடியாமற்போனாலோ அன்றே வரவேண்டும்.

அன்பானவர்களே, மரத்திலிருந்து விழுந்தோ, சாலை விபத்திலோ தண்டுவடம் அறுபட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு வலி என்னும் காவற்காரன் இல்லை. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி எழும்பியோ, முன்னே சாய்ந்தோ உடல் பாரத்தை மாற்ற அவர்களுக்குக் கற்பிக்கவேண்டும். கைகளும் செயலிழந்தவருக்கு வீட்டார் உதவவேண்டும். தவறினால் படுக்கைப் புண் எலும்புவரை சென்று உயிரையே வாங்கிவிடும். அவர்கள் அமரும் நல்ல மெத்தை சொகுசல்ல, உயிர் காக்கும் மருந்து. உங்கள் காணிக்கைகள் இப்படிப்பட்ட மெத்தைகளாகவும், வீட்டாருக்குக் கொடுக்கும் பயிற்சியாகவும் மாறுகின்றன.

அடுத்தமுறை முதுகு நோகும்போது எழுந்திருங்கள். அந்த வலியை உணரக் கிருபை செய்த தேவனைத் துதியுங்கள். உணர முடியாதவர்களுக்காக அந்த நிமிடத்திலேயே ஒரு சிறு ஜெபம் ஏறெடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்