தொழில் மாறுவோர் அறிய வேண்டுவன

ஒருவர் இளமையில் ஒரு தொழிலைக் கற்று, அதிலேயே உழைத்து, அதிலேயே ஓய்வு பெறுவது நம் பாட்டன்மார் காலத்தில் பெரும்பான்மையான வழக்கமாக இருந்தது. தந்தை செய்த தொழிலையே மைந்தனும் செய்தான். வீட்டுத் திண்ணையே அவனுக்குப் பள்ளியும் பட்டறையும் ஆயிற்று. அந்நிலை இன்று இல்லை. நாற்பது வயதில் புதிய தொழில் கற்கப் புகுவோரை எங்கும் காண்கிறோம். அவர்களுள் சிலர் விரும்பி மாறுகின்றனர். சிலர் வேறு வழியின்றி மாறுகின்றனர்.

“இன்னும் வேலையிலேயே சேராத எங்களுக்கு வேலை மாற்றத்தைப் பற்றிய பேச்சு எதற்கு?” என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் படிப்பு உங்கள் முதல் தொழிலுக்கு வழி காட்டும். அதுவே உங்கள் இறுதித் தொழிலாகவும் இருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. அன்றியும், உங்கள் இல்லத்திலேயே தந்தையோ, தாயோ, தமையனோ இக்கவலையில் ஆழ்ந்திருக்கக் கூடும். ஆதலால், தொழில் மாற்றத்தின் இயல்பையும் அதற்குரிய முறைகளையும் இப்போதே அறிந்து வைத்தல் நலம்.

முதலில், தொழில்கள் எவ்வாறு மறைகின்றன என்பதைப் பார்ப்போம். தந்தி என்றாலே நெஞ்சு துணுக்குறும் காலம் ஒன்று இருந்தது. ‘கட்டு கடா’ என்னும் ஒலியைக் காதால் கேட்டே செய்தியை எழுதிவிடும் ஆற்றல் தந்தி நிலைய ஊழியருக்கு இருந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுற்றது. பல ஆண்டுகள் பழகிப் பெற்ற அந்தச் செவித்திறனுக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலை இல்லாமற் போய்விட்டது.

அச்சகத்தில் ‘கம்பாசிட்டர்’ என்று அழைக்கப்பட்ட அச்சுக்கோப்பாளரின் கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. அவர் முன்னே மரப்பெட்டி இருக்கும். அதன் அறைகளில் ஈய எழுத்துகள் தனித்தனியே கிடக்கும். எந்த அறையில் எந்த எழுத்து என்பதைக் கண் தேடாமலே கை அறியும். எழுத்துகளைத் தலைகீழாகவும் இடவல மாற்றமாகவும் படித்துப் பிழை காண்பார். 1980-களிலும் 1990-களிலும் கணிப்பொறி அச்சகத்தினுள் புகுந்தபோது, அந்தக் கையின் விரைவு பயனற்றதாயிற்று.

ஆனால், அவரிடம் இருந்தது கையின் விரைவு மட்டுமன்று. ஒற்று மிகும் இடம் எது, மிகா இடம் எது என்னும் பழக்கம். வரியின் முடிவில் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்னும் தெளிவு. பக்கத்தில் எவ்வளவு வெற்றிடம் இருந்தால் கண்ணுக்கு இனிது என்னும் உணர்வு. கையெழுத்து எவ்வளவு மோசமாயினும் படித்துவிடும் பயிற்சி. நாளை காலை தாள் வெளிவர வேண்டுமென்றால் இன்றிரவு முடித்தே தீரும் ஒழுங்கு. இவை யாவும் கணிப்பொறியின் முன்னும் தேவைப்பட்டன. விசைப்பலகையைப் புதிதாகக் கற்றுக்கொண்டவர் இத்தனை முதலையும் உடன் கொண்டு சென்றார். மெய்ப்புத் திருத்தும் பணிக்குச் செல்லவும் அவருக்கு வழி இருந்தது. “என் தொழில் போயிற்று, இனி எனக்கு ஒன்றும் தெரியாது” என்று எண்ணித் தளர்ந்தவருக்கோ, கையிலிருந்த முதல் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? எந்தத் தொழிலும் பல திறன்களின் கூட்டு. தொழில் மறையும்போது அவற்றுள் சில மறைகின்றன. பல எஞ்சி நிற்கின்றன. எஞ்சி நிற்பவற்றைக் கணக்கிட்டுக்கொண்டு, புதியதைச் சிறிது சிறிதாகப் பழகி, பழையதை விடுவதே தொழில் மாற்றத்தின் நேரிய முறை.

இம்முறைக்குச் சான்றாகச் சர் சி. வி. இராமனின் வாழ்க்கையைக் கூறலாம். அவர் 1907-ஆம் ஆண்டு இந்திய நிதித்துறையில் உதவிக் கணக்காயர் பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். அக்காலத்தில் அது பலரும் பொறாமைப்படத்தக்க உத்தியோகம். அறிவியலில் அவருக்கிருந்த வேட்கையோ தணியவில்லை. அந்நகரில் 1876-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தைக் கண்டார். அலுவலகம் செல்லுமுன் காலையிலும், அலுவலகம் முடிந்தபின் மாலையிலும் அங்கே ஆராய்ந்தார். இடையில் இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார், மீண்டும் கல்கத்தா வந்தார், ஆராய்ச்சியை விடவில்லை. இவ்வாறு பத்தாண்டுகள் சென்ற பின்னர், 1917-ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்று அரசு உத்தியோகத்தைத் துறந்தார். புதிய பதவியில் ஊதியம் குறைவு. 1928-ல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவும், 1930-ல் பெற்ற நோபல் பரிசும் உலகறிந்தவை.

பரிசை மட்டும் நினைப்பவர்கள் “இராமன் துணிந்து வேலையை உதறினார்” என்பர். துணிவு உண்மைதான். ஆனால் அத்துணிவுக்குப் பின்னே பத்தாண்டுக் காலை மாலைகள் இருந்தன. அவர் வேலையை விட்டபோது, ஆராய்ச்சி அவருக்குப் புதிய தொழிலன்று. முன்பே கைவந்த தொழில்.

மற்றொரு சான்று மைக்கேல் பாரடே. இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 1805-ஆம் ஆண்டு புத்தகம் கட்டும் தொழிலில் ஏழாண்டுப் பயிற்சிக்கு அமர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியல் ஆர்வம் பெற்றார். 1812-ஆம் ஆண்டு சர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளைத் தெளிவாக எழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராயல் நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியாளராக அமர்த்தப்பட்டார். விண்ணப்பத்தில் எவரும் எழுதலாம், “எனக்கு ஆர்வம் உண்டு” என்று. பாரடே அதைச் செய்து காட்டினார். விட்டுச் செல்ல விரும்பிய புத்தகக் கட்டுத் தொழிலே, அவர் செல்ல விரும்பிய இடத்தின் கதவைத் திறக்க உதவியது என்பதைக் கருதிப் பாருங்கள்.

இனி, நடைமுறைக்கு வருவோம். தொழில் மாற எண்ணும் ஒருவர் முதலில் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்வி: “எனக்கு வெறுப்பு எதன்மேல்? தொழிலின்மேலா, இடத்தின்மேலா, மேலதிகாரியின்மேலா, ஊதியத்தின்மேலா?” கற்பித்தலில் இன்பம் காணும் ஆசிரியர் ஒருவர், நாள்தோறும் மூன்று மணி நேரப் பயணத்தால் சலித்துத் தொழிலையே வெறுப்பதுண்டு. அவருக்கு வேண்டியது அருகில் ஒரு பள்ளி, வேறு தொழிலன்று. இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரு திங்கள் காலம் ஒரு குறிப்பேட்டில், அன்றாடம் எந்த வேலை சுமையாயிற்று, எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை என்று எழுதி வருக. மாத முடிவில் அக்குறிப்பேடே விடை சொல்லும்.

இரண்டாவது, புதிய தொழிலின் உள்ளே புகுந்து பார்த்தல். இக்கரைக்கு அக்கரை பச்சை என்னும் பழமொழி பொய்யன்று. உணவகம் நடத்த விரும்புவோர் கண்ணுக்குத் தெரிவது மாலை நேரக் கூட்டம். விடியுமுன் காய்கறிச் சந்தையில் நிற்பதும், எஞ்சிய மாவைக் கொட்டுவதும் தெரிவதில்லை. ஆகவே அத்தொழிலில் அண்மையில் சேர்ந்த ஒருவரிடமும், இருபதாண்டு பழகிய ஒருவரிடமும், அதை விட்டு விலகிய ஒருவரிடமும் பேசுக. மூன்றாமவர் சொல்வதைச் சிறப்பாகக் கேட்க வேண்டும். முதலாண்டில் வருவாய் எவ்வளவு, வேலையற்ற திங்கள்கள் எவை, எந்த வயதுக்குமேல் உடல் ஒத்துழையாது என்பவற்றை அறிக. விடுமுறை நாட்களிலேனும் அப்பணியைச் செய்து பார்க்க வேண்டும். அரசு ஊழியர்கள் ஊதியம் பெறும் வேறு பணியை முன் அனுமதியின்றி ஏற்கலாகாது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, வாயில்களை அறிதல். சில தொழில்களுக்குத் திறமை இருந்தாலே போதும். சிலவற்றுக்குச் சட்டப்படியான தகுதி வேண்டும். வழக்கறிஞராக விரும்புபவர் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். வேறு பட்டம் பெற்றவர்க்கு அப்படிப்பு மூன்றாண்டு. அரசுப் பணிகளுக்கு வயது வரம்பு உண்டு. இவற்றை முதலிலேயே விசாரித்தல் வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்போர்க்கு 1985-ல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உதவுகின்றன. கைத்தொழில் கற்க விரும்புவோர்க்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. பணம் கட்டுமுன், அங்கே தரப்படும் சான்றிதழை வேலை தருவோர் ஏற்கின்றனரா என்று கேட்டறிதல் இன்றியமையாதது.

நான்காவது, பணக் கணக்கு. ஆசையோடு தொடங்கிய மாற்றங்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறி விழுகின்றன. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு 20,000 ரூபாய் என்க. புதிய தொழிலில் முதலாண்டு மாதம் 8,000 ரூபாய் கிடைக்கும் என்க. குறைவது மாதம் 12,000, ஆண்டுக்கு 1,44,000. பயிற்சிக் கட்டணம் 30,000 சேர்த்தால் 1,74,000 ரூபாய். இப்போதைய ஊதியத்தில் மாதம் 6,000 மிச்சப்படுத்த முடியுமானால், இத்தொகை சேர 29 திங்கள்கள் ஆகும். இதைக் கேட்டுச் சிலர் மனம் தளர்வர். தளர வேண்டியதில்லை. அந்த 29 திங்கள்களே கற்பதற்கும் பழகிப் பார்ப்பதற்கும் உரிய காலம். ‘என்றோ ஒரு நாள்’ என்றிருந்த எண்ணம், இக்கணக்கினால் நாள் குறித்த திட்டம் ஆகிவிடுகிறது. முதுமைக்கென வைத்த சேமநிதியை எடுப்பதும், மிகுவட்டிக்குக் கடன் வாங்குவதும் தவிர்க்கத் தக்கவை. இக்கணக்கைத் தனித்திருந்து போடாமல், துணைவரோடும், விவரம் அறிந்த பிள்ளைகளோடும் அமர்ந்து போடுதல் வேண்டும். அவர்களும் அல்லவா அந்த ஓராண்டைச் சிக்கனமாகக் கழிக்கப் போகிறவர்கள்!

ஐந்தாவது, விடைபெறும் முறை. கோபத்தோடு வெளியேறியவர் தம் அனுபவத்தின் பாதியை அங்கேயே விட்டுவருகிறார். முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்புவித்து, அனுபவச் சான்றிதழ் பெற்று வருதல் வேண்டும். பழைய நிலையத்தாரே புதிய தொழிலில் முதல் வாடிக்கையாளராக வருவதும் உண்டு.

ஆறாவதாக ஒன்று உண்டு. அது மனத்தைப் பொறுத்தது. இருபதாண்டு அனுபவமுள்ளவர் புதிய இடத்தில் மீண்டும் கடைசி வரிசையில் அமர வேண்டியிருக்கும். கற்பிப்பவர் தம் மகனின் வயதினராக இருக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று கேட்க நாணுகிறவர் கற்பது அரிது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை, திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராக இருந்தவர். 1926-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரானார். 1936-ல் அப்பெருநூல் ஆறு தொகுதிகளாக நிறைவுற்றது. வழக்குமன்றத்தில் நின்ற ஒருவர், ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று தேடும் பொறுமையான பணியில் பத்தாண்டு அமர்ந்தார் என்பது, நடுவயதிலும் மாணவராக இருக்க இயலும் என்பதற்குச் சான்று.

திடீரென வேலை இழந்தவர்க்கு இந்த வரிசை பொருந்துமா என்று கேட்கலாம். அவர்க்கு நாள் குறித்துக் காத்திருக்க வசதியில்லை. அவர் முதலில் நேர்மையான எந்த வேலையையேனும் ஏற்று, வீட்டு அடுப்பு அணையாமல் காத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அதிலிருந்துகொண்டே மேற்கூறிய வழிகளில் முயல வேண்டும். அவ்வாறு ஏற்ற வேலை சிறியதாயினும் இழுக்கில்லை. அத்தகையோரைக் கண்டு நகைப்பதே இழுக்கு.

மாணவ நண்பர்களே! நீங்கள் இன்றே செய்யத்தக்கவை மூன்று. எந்தப் பாடம் பயின்றாலும், தெளிவாக எழுதவும், பிழையின்றிக் கணக்கிடவும், பிறரோடு சேர்ந்து வேலை செய்யவும் பழகிக்கொள்ளுங்கள். எத்தொழிலுக்கும் உடன் வருபவை இவை. விடுமுறையில் ஏதேனும் ஒரு தொழிலை அருகிருந்து பாருங்கள். உங்கள் இல்லத்தில் தந்தையோ தாயோ புதிய தொழில் கற்கத் தொடங்கினால், அவர்களுக்குக் கணிப்பொறியையோ கைப்பேசியையோ சொல்லித்தரும் வாய்ப்பு உங்களுக்கு வரும். அப்போது ஒரே செய்தியை அவர்கள் மும்முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு அகரம் கற்பித்த நாளில், அவர்கள் அதனினும் பன்மடங்கு பொறுத்திருக்கிறார்கள்.